இடிவதற்கு முன் ஒரு நெற்களஞ்சியத்தை எப்படிப் பதிவு செய்வது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில், தாத்தா வீட்டுக் கொல்லையில், வீட்டோடு ஒட்டாமல் தனியே நிற்கும் நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. களஞ்சியம் என்று நான் இங்கே எழுதினாலும் எங்கள் வீட்டில் அதைப் ‘பத்தாயக்கட்டு’ என்றுதான் சொல்வார்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர் ஏறத்தாழ 2 அடி கனம் இருக்கும். தரைமட்டத்திலிருந்து 3 அடி உயரத்தில் தளமும், தளத்துக்கு அடியில் காற்று போய்வருவதற்காக வளைவு வைத்த சிறு துவாரங்களும் உள்ளன. உள்ளே நெல் கொட்டி வைக்க, பலாப்பலகையால் அடைத்த மூன்று பத்தாயங்கள். ஒவ்வொன்றும் உள்ளளவில் 10 அடி நீளம், 8 அடி அகலம், 7 அடி உயரம். முன்பக்கப் பலகைகளில் ஓர் ஆணிகூடக் கிடையாது. தூண்களில் வெட்டிய காடியில் மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிச் செருகியிருக்கிறார்கள். நெல் குறையக் குறையப் பலகையையும் ஒவ்வொன்றாக உருவிவிடலாம். அந்தப் பலகைகளின் ஓரத்தில் ௧, ௨, ௩ எனத் தமிழ் எண்கள் உளியால் வெட்டப்பட்டிருப்பதை, சிறு வயதிலிருந்து அங்கே ஒளிந்து விளையாடிய நான், சென்ற மாதம்தான் கவனித்தேன்.

இது நிரம்பியிருந்ததை நான் பார்த்ததில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வந்த பிறகு அறுத்த நெல் களத்திலிருந்தே மூட்டையாகப் போய்விட, பத்தாயத்தில் விதைநெல்லும் உளுந்தும் மட்டும் கிடந்தன. பிறகு அவையும் இல்லாமல் உடைந்த நாற்காலிகள் சேர்ந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வடக்குச் சரிவின் ஓடுகளைப் பெயர்த்தெறிந்தது. அன்று போட்ட தார்ப்பாய்தான் இன்றும் மாற்றி மாற்றிக் கிடக்கிறது. வடமேற்கு மூலையில் அரசங்கன்று முளைத்துச் சுவர் பிளக்கத் தொடங்கியிருக்கிறது.

பங்காளிகள் நால்வரில் இருவர் இடித்துவிடலாம் என்கிறார்கள். பழைய மரச்சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து, சுவரைத் தொடாமல் பலகைகளையும் கதவையும் மட்டும் எடுத்துக்கொள்வதாக விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். நான் காப்பாற்ற விரும்புகிறேன். ஆனால் முழுவதையும் செப்பனிடும் பணம் என்னிடம் இல்லை. ஆகவே என் கேள்விகள் இவை. இடிந்தாலும் தகவலாவது மிஞ்சும்படி இதை முறையாகப் பதிவு செய்ய நான் எங்கே தொடங்க வேண்டும்? வரும் ஐப்பசி மழைக்குள் குறைந்த செலவில் எதைச் செய்யலாம்? விரிசலைச் சிமெண்டால் அடைத்துவிடலாம் என்று உள்ளூர்க் கொத்தனார் சொல்கிறாரே, அது சரியா? இதை ஆயிரம் கலப் பத்தாயம் என்று பாட்டி சொல்வார். அது பெருமைப் பேச்சா, உண்மையா என்பதையும் அறிய ஆசை.

—

நூல்குண்டு எழுதியது:

கட்டடப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பழைய கட்டடங்களை அளந்து வரைவது இப்போது என் பொழுதுபோக்கு. உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கும் அதில் விடை இருக்கிறது.

நீங்கள் தந்த அளவுப்படி ஒரு பத்தாயத்தின் கொள்ளளவு 560 கன அடி, அதாவது ஏறத்தாழ 16 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நெல்லை 570 கிலோ என்று வைத்தால் ஒரு பத்தாயத்தில் சுமார் 9 டன் பிடிக்கும். கலம் என்பது 12 மரக்கால். ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் மாறும். டெல்டாவில் இரண்டு கலத்தை ஒரு மூட்டை என்று கொள்ளும் வழக்கப்படி கலத்துக்கு 30 கிலோ என எடுத்துக்கொண்டால், ஒரு பத்தாயத்துக்கு 300 கலம், மூன்றுக்கும் 900 கலம். விளிம்புக்கு மேல் குவித்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். உங்கள் பாட்டி பெருமைக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலச் செங்கல் களஞ்சியம் ஒன்று உண்டு. வட்ட வடிவில் எழும்பி மேலே கூம்பாகக் குவியும் அமைப்பு. 1600–1634 காலத்தில் கட்டப்பட்டது என்பார்கள். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உயரம் 36 அடி, அகலம் 86 அடி, கொள்ளளவு 3,000 கலம் என்று பல இடங்களில் படிக்கலாம். அகலம் உண்மையிலேயே 86 அடியாக இருந்தால் தரைப்பரப்பு 5,800 சதுர அடிக்கு வரும். அதில் 10 அடி உயரத்துக்கு நெல் கொட்டினாலே 30,000 கலம் பிடிக்க வேண்டும். 86 அடி என்பது சுற்றளவாக இருந்தால் விட்டம் 27 அடி. சுவரின் கனத்தைக் கழித்துப் பார்த்தாலும் 3,000 கலம் இயல்பாகப் பொருந்துகிறது. ஆகவே யாரோ நாடாவைச் சுற்றிப் பிடித்து எடுத்த அளவை இன்னொருவர் அகலம் என்று எழுதிவிட்டார், மற்றவர்கள் அப்படியே பெயர்த்தெழுதினார்கள் என்பது என் ஊகம். எந்த அளவு எங்கிருந்து எங்கே எடுக்கப்பட்டது என்று குறிக்காத பதிவு பின்னால் வருகிறவரை இப்படித்தான் அலைக்கழிக்கும்.

இனி உங்கள் வேலை. எதையும் கழற்றுவதற்கும் கூட்டிப் பெருக்குவதற்கும் முன்னால், இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். உடைந்த நாற்காலியும் படத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு சுவரையும் நேருக்கு நேர் நின்று, ஓர் அளவுகோலைச் சுவரில் சாய்த்து வைத்து எடுக்க வேண்டும். அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று மூன்றில் இரண்டு பங்காவது படியும்படி கட்டடத்தைச் சுற்றிவந்து எடுத்தால், அவற்றைக் கொண்டு கணினியில் முப்பரிமாண உருவம் செய்ய முடியும். நல்ல கைப்பேசியே போதும். ஆனால் அதை மட்டும் நம்பாமல் நாடாவாலும் அளக்க வேண்டும். அறையின் நான்கு பக்கங்களை மட்டும் அளந்தால் அது செவ்வகமா கோணலா என்று தெரியாது. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால்தான் உண்மை உருவம் கிடைக்கும். சுவர் சாய்ந்திருக்கிறதா என்பதற்குத் தூக்குக்குண்டு விட்டு மேலும் கீழும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி வைத்தால், ஆறு மாதத்தில் அது விரிகிறதா நின்றுவிட்டதா என்று தெரிந்துவிடும்.

காலத்தை எப்படிக் கணிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ஓட்டின் அடிப்புறத்தைப் பாருங்கள். பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை மங்களூரில் 1865இல் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. முத்திரையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை வைத்து ஓட்டின் காலத்தை ஓரளவு சொல்லலாம். கட்டடத்தின் காலம் அதுவே என்று சொல்லிவிடக் கூடாது. நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுச் சீமை ஓடு மாற்றிய வீடுகள் ஏராளம்.

பலகைகளில் கண்ட எண்கள்தான் உங்களிடம் உள்ள செல்வம். எந்தத் தூணுக்கு இடையில், கீழிருந்து எத்தனையாவது, எந்த எண் என்று ஒரு படம் போட்டுக் குறித்து வையுங்கள். விற்பது என்று முடிவானால்கூட, அந்தப் படம் இல்லாமல் ஒரு பலகையும் வெளியே போக விடாதீர்கள்.

—

கடுக்காய் எழுதியது:

சிமெண்ட் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் மூன்றாம் தலைமுறைச் சுண்ணாம்பு வேலைக்காரன். இப்போது ஆண்டில் பாதி நாள் சிமெண்ட் வேலைதான் செய்கிறேன் என்பதால் சிமெண்டின் மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை.

வேண்டாம். பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை உடையவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவரின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளிவர வழியில்லாமல் உள்ளே தங்கி, பூச்சுக்கு மேலே இன்னும் உயரத்தில் போய்த் தலைகாட்டும். ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து அதை மாவாக்கும். வெளியே பூச்சு கெட்டியாக நிற்க உள்ளே செங்கல் தூளாகிப் போன சுவர்களை நான் கையால் வழித்தெடுத்திருக்கிறேன். நெல் வைக்கும் கட்டடத்தில் ஈரம் தங்குவது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விரிசலுக்கு நீற்றிய சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு இரண்டரை அல்லது மூன்று என்ற கணக்கில் சேர்த்து அரைத்த சாந்து போதும். மழை அதிகம் அடிக்கும் பக்கத்தில் செங்கல் தூள் சேர்க்கலாம். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்ப்பது எங்கள் வழக்கம். ஆனால் இணையத்தில் சொல்வதுபோல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. சுண்ணாம்பு நன்றாக ஊறியிருக்க வேண்டும், சாந்து நன்றாக அரைபட வேண்டும், பூசிய பின் நாள்தோறும் நனைத்துக் காப்பாற்ற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடுக்காய் காப்பாற்றாது. ஐப்பசி மழைக்குச் சில வாரங்களே இருக்கையில் சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்காதீர்கள். காய்ந்து இறுகுவதற்குள் மழை கழுவிக்கொண்டு போய்விடும். அந்த வேலை தை மாதத்துக்கு.

மழைக்கு முன் செய்ய வேண்டியது கூரைதான். கூரை ஒழுகாவிட்டால் சுவர் நூறாண்டு பொறுக்கும். கூரை ஒழுகினால் நான்கு மழைக்காலம் தாங்காது. பெயர்ந்த இடத்தில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர்ச் சட்டத்தை மட்டும் மாற்றி, அதே அளவுள்ள பழைய ஓட்டை வாங்கிப் போடுங்கள். சுற்றுப்புறத்தில் இடிக்கும் வீடுகளில் கிடைக்கும். தார்ப்பாயே போட வேண்டியிருந்தால் பலகைமேல் ஒட்டிக் கிடக்காமல், காற்றுப் புகும்படி தூக்கிக் கட்டுங்கள். தளத்துக்கு அடியில் உள்ள துவாரங்களில் மண் அடைத்திருந்தால் அதைத் தோண்டி எடுப்பது காசில்லாமல் செய்யக்கூடிய நல்ல வேலை. அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரோடு பத்துச் செங்கல் வரும். சுவரோடு ஒட்ட அறுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க அறுத்துக்கொண்டே இருங்கள். சாந்து பூசும்போது வேரை எடுத்துக்கொள்ளலாம்.

—

தேம்ஸ் தமிழன் எழுதியது:

இங்கிலாந்தில் வசிக்கிறேன். இங்கே ‘பார்ன்’ என்று சொல்லும் பழைய தானியக் கொட்டகைகளை அளக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் இருந்ததால் இரண்டு செய்திகள் சொல்லத் தோன்றுகிறது.

நம் களஞ்சியமும் இவர்களுடைய பார்னும் ஒன்றல்ல. அங்கே சம்பா அறுவடை தை மாத வெயிலில் வருவதால் திறந்த களத்தில் கதிரடித்து, பிணையல் மாடு ஓட்டி மிதிக்கவிட்டு, காற்றில் தூற்றி, நெல்லாக்கித்தான் உள்ளே கொண்டுபோகிறோம். இங்கே மழையும் குளிரும் விடுவதில்லை. அதனால் கதிர்க்கட்டுகளை அப்படியே உள்ளே அடுக்கி, குளிர்காலம் முழுதும் கொட்டகைக்குள்ளேயே அடித்தார்கள். எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள் வைத்திருப்பது வண்டி நுழைவதற்காக மட்டும் அல்ல; இரண்டையும் திறந்தால் குறுக்கே வீசும் காற்றில் தூற்றலாம். கட்டடத்தின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு வேலையைச் சொல்கிறது என்பதை எங்கள் குழுவில் முதல் நாளே கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் பத்தாயக்கட்டில் நெல் எந்த வழியாக மேலே ஏறியது, எந்த வழியாகக் கீழே இறங்கியது, அளந்தவர் எங்கே உட்கார்ந்தார் என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். அறையின் நீள அகலம் மட்டும் இருந்தால் அது வெறும் அறைதான்.

காலக் கணிப்புக்கும் ஒரு வார்த்தை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வர்த் என்னும் ஊரில் 58 மீட்டர் நீளமுள்ள ஓக் மரக் கொட்டகை ஒன்று நிற்கிறது. 1426–27இல் கட்டப்பட்டது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு, அதன் உடைமையாளராக இருந்த வின்செஸ்டர் கல்லூரியின் கணக்கேடுகளும், மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணும் முறையும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தியதே காரணம். நம் ஊரில் வளையக் கணக்கு எளிதல்ல. தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாக விழும். பனையில் வளையமே கிடையாது. ஆகவே பனங்கை வைத்த கூரையை அந்த வழியில் கணிக்க முடியாது. உங்களுக்கு மிஞ்சுவது கணக்கேடுதான். பரணில் பழைய குறிப்பேடுகள், குத்தகைச் சீட்டுகள், பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவானாலும் தேடிப் படம் எடுங்கள். தாத்தாவின் தகப்பனார் காலத்துப் பாகப் பத்திரத்தில் இந்தக் கட்டடம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே அது நின்றது என்பது உறுதியாகிவிடும்.

இங்கும் எல்லாம் பிழைத்துவிடவில்லை. 2014 முதல், பாரம்பரியப் பட்டியலில் சேராத வேளாண் கட்டடங்களை வீடாக மாற்றுவது சட்டப்படி எளிதாகியிருக்கிறது. அதனால் பல கொட்டகைகள் இடியாமல் நிற்கின்றன என்பது உண்மை. உள்ளே மாடியும் குளியலறையும் புகுந்து, அந்த நெடிய வெற்றிடம் காணாமல் போய்விட்டது என்பதும் உண்மை. அளந்து வைத்த வரைபடங்களில் மட்டுமே இன்று பார்க்க முடிகிற கொட்டகைகள் எனக்குத் தெரிந்து சில உண்டு.

உங்களிடம் பணம் இல்லை என்றால், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா போன்ற இடங்களுக்கு எழுதிப் பாருங்கள். தஞ்சை விவசாயி வீடு உட்படப் பல பழைய வீடுகளை அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. கழற்றுவது எப்படி என்றாவது கேட்டு அறியலாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க உழைக்கும் இன்டாக் அமைப்பின் உள்ளூர்க் கிளை இருந்தால், பட்டியலிடும் படிவம் ஒன்றை வாங்கி நிரப்பிக் கொடுங்கள்.

—

களத்துமேடு எழுதியது:

மேலே எழுதிய அனைவரும் கட்டடத்தைப் பற்றி அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். நான் பிறந்தது அந்தப் பத்தாயத்தை நிரப்பிய தெருவில். என் பாட்டனார் உங்களுடையது போன்ற ஒரு கட்டின் படி வரை மூட்டையைச் சுமந்து கொண்டுவந்து இறக்கியவர்; அந்தப் படிக்கு மேல் அவர் ஏறியதில்லை.

இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதை ஒட்டிய பகையில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25 அன்று. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் உங்கள் பத்தாயம் நிறைந்தும் குறைந்தும் இருந்திருக்கும். ஆகவே பதிவு செய்யும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கூலிக்கு உழைத்தவர்களின் தெற்குத் தெருவிலும் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருப்பார்கள். எந்த வாசல் வரை வந்தார்கள், கூலி எங்கே நின்று வாங்கினார்கள், எந்த மாதத்தில் கடனுக்கு நெல் கேட்டு வந்தார்கள் என்று அவர்களே சொல்லட்டும். அவர்கள் சம்மதித்தால் குரலைப் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. நூல்குண்டு ஐயா கலத்துக்கு 30 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டார். மரக்கால் ஊருக்கு ஊர் மாறும் என்றும் அவரே சொல்கிறார். ஒரே வீட்டுக்குள்ளும் மாறும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அளந்து வாங்க ஒன்று, அளந்து கொடுக்க ஒன்று. உங்கள் வீட்டில் அப்படி இருந்தது என்று நான் சொல்ல முடியாது. மரக்கால் இன்னும் கிடந்தால், கட்டடத்தை அளப்பதோடு அதையும் அளந்து பாருங்கள்.

—

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். இரண்டு வாரம் ஊரிலேயே இருந்தேன்.

வடக்குச் சரிவுக்குப் பழைய ஓடு கிடைத்துவிட்டது. ரீப்பர் மாற்றும் வேலை நாளை முடிகிறது. அரசங்கன்றை அறுத்தாயிற்று. அடித்துவாரங்களில் ஐந்து அடைபட்டிருந்தன. ஒன்றிலிருந்து கூடை கூடையாக எலிவளை மண் வந்தது. மூலைவிட்டங்கள் இரண்டுக்கும் வேறுபாடு நான்கு விரல், கட்டடம் கோணல்தான். ஓடுகளில் பாசல் மிஷன் முத்திரையுள்ளவை 11, மற்றவை கலவை. பலகை எண்களில் இரண்டாம் பத்தாயத்தில் மட்டும் ௫ இரண்டு முறை வருகிறது, ௬ இல்லை; தச்சர் தவறினாரா, பின்னால் ஒரு பலகை மாற்றப்பட்டதா என்று தெரியவில்லை. பங்காளிகளிடம் வரும் சித்திரை வரை தவணை கேட்டிருக்கிறேன். வியாபாரியை அதுவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

தெற்குத் தெருவில் இருவர் பேசச் சம்மதித்தார்கள். ஒருவர் நான் கொண்டுபோன வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கிழக்கில் இப்போது சுவராக இருக்கும் இடத்தில் இடுப்பளவுத் திறப்பு ஒன்று இருந்ததென்றும், கூலி அதன் வழியேதான் வந்ததென்றும் சொன்னார். போய்த் தட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் சுவரின் ஓசை வேறாக இருக்கிறது, செங்கல்லின் அளவும் வேறு.

பரணில் மரக்கால் இரண்டு கிடந்தன, இரண்டும் இரும்புப் பட்டை போட்டவை. களத்துமேடு அவர்கள் சொன்னபடி ஒன்றில் விளிம்பு வரை நெல்லை நிரப்பித் தலைதட்டி, அதை மற்றொன்றில் கொட்டினேன். இரண்டு கைப்பிடி மிஞ்சியது. எது எதற்கு என்று சொல்ல எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, மிஞ்சிய நெல்லையும் நிறுத்து, வரைபடத்தோடு சேர்த்திருக்கிறேன்.